அம்மனுக்குச் சீயக்காய்

அத்தியாயம் 4

"மேடம், இந்தத் திருடனுக்கு ஒண்ணு மூளை இல்ல, இல்லன்னா கண்ணு இல்ல" என்றான் பவன்குமார். "வெள்ளியை வுட்டுட்டுக் கருங்கல்லைத் தூக்கினு போயிருக்கான்."

ஜமீலா ஏரிக்கரை மேல் தகரக் கூரை போட்டு நின்ற அந்தச் சின்னக் கோயிலின் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, உள்ளே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வரை அங்கே முழங்கால் உயரத்துக்கு ஓர் அம்மன் சிலை நின்றது. இன்று சிலை நின்ற குழி மட்டும் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் சின்னப் பெண்ணுக்குத் தைத்த பட்டுப் பாவாடை ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் வெள்ளிக் கண்மலர் இரண்டு, வெள்ளி ஒட்டியாணம் ஒன்று. திருடிய அவசரத்தில் விழுந்ததாகத் தெரியவில்லை. யாரோ பொறுமையாகக் கழற்றி அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஜமீலா பல வருஷம் கல்லூரியில் பழங்கால வரலாறு நடத்தியவள். பலி, யாகம், கல்லறை என்று அவள் உயிரைக் கொடுத்துப் பாடம் எடுக்க, மாணவர்கள் உயிரை விட்டதுபோல் தூங்கினார்கள். வெறுத்துப்போய் வேலையை விட்டுச் சித்தூரில் துப்பறியும் நிலையம் திறந்தாள். அதற்கு முதல் ஊழியன், கடைசி ஊழியன், கார் டிரைவர் எல்லாமே பவன்குமார்தான். கல்யாண மேடைகளில் பலகுரல் செய்துகொண்டிருந்தவன். வாய் சும்மா இருந்தால் அவனுக்குப் பயம் வந்துவிடும். அதனால் அது சும்மா இருந்ததே இல்லை.

"இது பக்கத்தூரு கீழூரான் வேலை மேடம். சந்தேகமே வாணாம்" என்றார் அண்ணாதுரை. கார்வேட்டிநகரம் பக்கத்து இந்த நெல்லேரி கிராமத்துக்கு அவர்தான் சர்பஞ்ச், ஊராட்சித் தலைவர். காலையில் போன் போட்டு வரவழைத்தவரும் அவரே. "எங்க அம்மனைத் தூக்கினு போயி அவங்க ஏரியில வச்சிக்கப் பாக்கறானுங்க. நாளன்னிக்கு அம்மன் திருவிழா, மொதல் வருச ஜாத்திரை. அதுக்குள்ள சிலை வந்தாகணும். பசங்க கழி எடுத்துகினு ரெடியா கீறானுங்க. சாயந்தரம் வரிக்கும்தான் நான் புடிச்சி வக்க முடியும்."

ஜமீலா தரையின் ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தாள். விரலைப் பவன் பக்கம் நீட்டினாள்.

"சீயக்காய்" என்றான் அவன். "நல்லெண்ணெயும் கீது. மேடம், திருடன் சாமிக்கு எண்ணெய் தேச்சிக் குளிப்பாட்டியிருக்கான். தீபாவளி முடிஞ்சி போச்சின்னு அவனுக்கு யாரும் சொல்லல போல."

"சர்பஞ்ச் சார், அம்மனுக்கு அபிஷேகத்துல சீயக்காய் உண்டா?"

"எங்கியாச்சும் உண்டா மேடம்? பாலு, தயிரு, மஞ்சா, எளநீ. சீயக்காய் மனுசங்களுக்கு."

"சரி. பவன், இது என்ன?" குழியின் ஓரத்தில் சிதறிக் கிடந்த அரிசியைக் காட்டினாள்.

"அட்சதை."

"அட்சதை என்ன நிறம்?"

"மஞ்சள்."

"இது?"

பவன் குனிந்து பார்த்தான். "வெள்ளை. மஞ்சத்தூள் வெலை ஏறிப்போச்சி மேடம், திருடனும் சிக்கனமா இருக்கான்."

ஜமீலா சிரிக்கவில்லை. அவன் சொன்ன நகைச்சுவைக்கு அவள் சிரிக்காமல் இருப்பது புதிதில்லை. ஆனால் முகம் இப்படி வெளுத்ததை அவன் பார்த்ததில்லை.

"இந்த அம்மன் யார்னு சொல்லுங்க" என்றாள் அண்ணாதுரையிடம். "முழுசா சொல்லுங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். போன வருஷம் கார்த்திகையில் விடாத மழை. ஏரி தளும்பி, கரை உடைகிற நிலை. பொழுது சாயும் நேரத்தில் ஊர் ஆண்கள் எல்லோரும் மண்மூட்டையோடு கரையில் நின்றார்கள். செங்கல்வராயனும் நின்றான். அவனுக்கு டீத்தூக்கு எடுத்துக்கொண்டு அவன் மகள் பிரித்திகா வந்தாள். நான்காவது படிக்கிற பிள்ளை. அவள் நின்ற இடத்தில் கரை உள்வாங்கியது. பிள்ளை தண்ணீருக்குள் போனாள். அதற்கப்புறம் கரை ஓர் அங்குலம் நகரவில்லை. அப்படியே நின்றது.

"ஏரி காவு கேட்டுது. அந்தப் பொண்ணு தானா வந்து குடுத்துது. தானான்னா தானா மேடம். உள்ள போறதுக்கு முந்தி சிரிச்சிகினு தலையாட்டினா. அவங்க நைனா செங்கல்வராயனே பாத்தாரு. நாப்பது குடும்பம் இன்னிக்கி உசுரோட கீதுன்னா அவளாலதான். அன்னிக்கே எங்களுக்கு அவ பிரித்தியம்மனாயிட்டா."

"உடம்பு கிடைச்சுதா?"

"கெடைக்கல. அம்மனாயிட்டவளுக்கு ஒடம்பு எதுக்கு?"

"கருமாதி?"

அண்ணாதுரை பதறிவிட்டார். "சாமிக்கு யாராச்சும் கருமாதி பண்ணுவாங்களா மேடம்? அழவே கூடாதுன்னு ஊர்க்கட்டு. அழுதா, குடுத்ததைத் திருப்பிக் கேக்கற மாதிரி ஆயிடும். அப்புறம் கரை நிக்காது."

ஜமீலா எழுந்து கரையின் உள்பக்கச் சரிவைப் பார்த்தாள். பவனும் பார்த்தான். கரை நெடுக, ஆள் இறங்குகிற அளவுக்கு வெட்டிய பள்ளங்கள். வரும்போது அவன் கண்ணில் பட்ட ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. நெல்லேரியில் ஒவ்வொரு வீட்டுத் தரையும் தெருவைவிட உயரமாக, இதே கறுப்பு மண் கொட்டி மேடேற்றப்பட்டிருந்தது. சர்பஞ்ச் வீடு எல்லாவற்றையும்விட உயரம்.

பவனுக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

* * *

செங்கல்வராயன் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். நாற்பது வயதுக்காரி, ஊர் விஷயம் எல்லாம் அவள் முறத்தில்தான் புடைக்கப்படும் போலிருந்தது.

"பிரித்திகாவோட அம்மா ரூபா இல்லீங்க. விடியக்காலையில குட்டியானை வண்டி வந்துது. அவ வூட்டுக்காரர் வண்டிதான். ஜாத்திரைக்கு சாமான் வாங்கணும்னு திருப்பதிக்கு ஏறிப் போனா."

"அவ புருஷன் இங்க இல்லையா?"

"அவரு அன்னிக்கி போனவருதான். திருப்பதியில லோடு அடிச்சிகினு கீறாரு. ஊருக்குள்ள வந்தா ஆளாளுக்கு கால்ல வுழறாங்க இல்ல, அம்மனைப் பெத்தவருன்னு? அது அவருக்குப் புடிக்கல. வண்டியை விட்டே எறங்கறதில்ல."

"கால்ல விழுந்தா யாருக்குங்க கசக்கும்?" என்றான் பவன். "எனக்கு ஒருத்தரு விழுந்தாலும் போதும், ஊரை விட்டே நகர மாட்டேன்."

"ரூபா எப்படி இருக்கா?" என்று கேட்டாள் ஜமீலா.

கோவிந்தம்மாள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சிரிச்சிகினுதான் கீறா. மஞ்சப் பொடவை, நெத்தி நெறையப் பொட்டு, வர்றவங்களுக்கு விபூதி. அன்னிக்கி கரைக்கு ஓடியாந்து வாயத் தொறந்தா பாருங்க. நாங்க நாலு பொம்பளைங்க சேந்து முந்தானையால அவ வாயப் பொத்தினோம். நானும் ஒரு பக்கம் புடிச்சேன். பம்பைக்காரன் அடிக்க ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் அவ அழல. இந்த ஒரு வருசமா ஒரு பொட்டு கூட அழல." சொல்லிவிட்டு முறத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள். "எங்க வூட்லயும் மூணு புள்ளெங்க கீதுங்க மேடம். கரை நிக்கணும் இல்ல?"

ஜன்னல் வழியாக ஜமீலா உள்ளே பார்த்தாள். சுவரில் ஓர் ஆணி. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பழுப்பேறியிருக்க, ஆணிக்குக் கீழே மட்டும் பள்ளிக்கூடப் பை அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

"கிளம்பு பவன். திருப்பதி."

"மேடம், கீழூர்?"

"கீழூர்க்காரங்க சிலையைத் திருடினா பையை எதுக்குத் தூக்கறாங்க? நாலாம் வகுப்பு முடிக்கவா?"

அவள் ஜோக் அடித்தால் ஏதோ விபரீதம் என்று அவனுக்குத் தெரியும். பேசாமல் காரை எடுத்தான்.

* * *

புத்தூர் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவன் உடம்பு தாங்காது.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். அந்தக் காலத்து ஆளுங்க இன்னா நெனச்சி மனுசனைக் குடுத்தாங்க? ரத்தம் பாக்கற ஆசையா?"

"ஆசைக்காரனுக்குப் பலி எதுக்கு? சும்மாவே வெட்டுவான். பலி கொடுத்தவங்க பெரும்பாலும் பயந்தவங்க பவன். மழை வரல, கரை நிக்கல, சூரியன் நாளைக்கு வருமான்னு தெரியல. கடவுளுக்கு ஏதாவது கொடுக்கணும். வேண்டாததைக் கொடுத்தா அது காணிக்கை இல்ல. ரொம்பப் பிரியமானதைக் கொடுக்கணும். ஒருத்தனுக்கு எது ரொம்பப் பிரியம்?"

"புள்ளெ."

"அங்கதான் ஆரம்பிக்குது." ஜமீலா கண்ணாடிக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வகுப்பில் பேசியது போலவே பேசினாள், ஆனால் இங்கே ஒருவன் தூங்காமல் கேட்டான். "மெக்சிகோவில மழைக் கடவுளுக்குக் குழந்தைங்களைக் கொடுத்தாங்க. அதுங்க அழுதுகிட்டே போனா நல்ல சகுனம். கண்ணீர் வந்தா மழை வரும்னு கணக்கு. கார்தேஜ்னு ஒரு ஊர், அங்க நேர்மாறு. பெத்தவ பக்கத்துலயே நிக்கணும், கண்ணு கலங்கக் கூடாது. அழுகை கேக்காம இருக்க மேளம் அடிப்பாங்களாம். எழுதி வச்சவங்க அந்த ஊருக்கு எதிரிங்க, பாதி பொய்யா இருக்கலாம். ஆனா இன்னிக்கு அந்தம்மா பம்பைன்னு சொன்னாங்க பாரு, எனக்கு உடனே அந்த ஊர்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஏன் மேடம் அழக் கூடாது?"

"அழுதா, பிடுங்கினதுன்னு ஆயிடும். சிரிச்சா, கொடுத்ததுன்னு ஆயிடும். கொலைக்கும் பலிக்கும் நடுவுல அந்த ஒரு வேலிதான் இருக்கு. சம்மதம். உங்க ஊர்ல ஆட்டு மேல மஞ்சத் தண்ணி ஊத்தறாங்களே, எதுக்கு?"

"ஒடம்பைச் சிலுப்பறதுக்கு. சிலுப்பினா ஆடு ஒத்துக்கிச்சி, அம்மன் உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம்."

"தண்ணி ஊத்தினா எந்த ஆடு சிலுப்பாது?"

பவன் சிரிக்க வாயெடுத்தான். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சின்ன வயதில் ஆடு சிலுப்பியதும் கைதட்டிக் குதித்தவர்களில் அவனும் ஒருவன்.

"எங்க பக்ரீத் கதையிலயும் அப்பா மகனைக் கேக்கறார், நீ என்ன சொல்றேன்னு. மகன் சரிங்கறான். ஆனா கத்தி இறங்கல. பதிலுக்கு ஆடு வந்துடுச்சு." திரும்பி அவனைப் பார்த்தாள். "நெல்லேரிக்கு ஆடு வரல. பொழுது சாயற நேரம், கொட்டற மழை, தலை நனைஞ்ச சின்னப் பொண்ணு. தலையை உலுக்கியிருப்பா. எந்தப் பிள்ளையும் உலுக்கும். பக்கத்துல நின்ன அப்பன் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டான். ஆட்டைப் பாத்துப் பழகின கண்ணு. அவ்வளவுதான் நடந்தது. கரையில மண்ணு திருடின ஊருக்கு அது போதும். பொண்ணே சம்மதிச்சுட்டா, அப்புறம் யார் குற்றவாளி?"

திருப்பதி எல்லையில் குட்டியானைகள் வரிசையாக நிற்கிற ஸ்டாண்டில் பவன் காரை ஓரங்கட்டினான். அங்கே செங்கல்வராயனின் கூட்டாளி யஸ்வந்த் அகப்பட்டான். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"செங்கல்வராயன் இக்கட லேடு அண்ணா. சம்சாரத்தோட ஸ்வர்ணமுகி ஆத்தங்கரைக்குப் போனான். என் கடப்பாரை, மம்முட்டி ரெண்டும் கேட்டு வாங்கினு போனான். எதுக்குன்னு கேட்டா பேசல. மொட்டை வேற அடிச்சிகினு கீறான்."

காரில் ஏறியதும் பவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். "புதையல்! மேடம், கடப்பாரை, மம்முட்டி, அம்மன் சிலை. அம்மனை வச்சி புதையல் தோண்டப் போறாங்க!"

"தோண்டப் போறாங்க, சரி. எடுக்கறதுக்கு இல்ல."

"பின்ன?"

"நகையைக் கழட்டி வச்சாங்க. எண்ணெய், சீயக்காய் வச்சுக் குளிப்பாட்டினாங்க. வெள்ளை அரிசி போட்டாங்க. அப்பன் மொட்டை அடிச்சிருக்கான். உங்க வீட்டுல இதையெல்லாம் எப்போ பண்ணுவாங்க?"

பவன்குமாருக்கு அவன் அம்மாவின் கடைசி நாள் ஞாபகம் வந்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தலையில் எண்ணெய் தொட்டு வைத்தது, சீயக்காய் வைத்தது. வாய்க்கரிசி போடும்போது அவன் கையிலிருந்து அரிசி பாதி கீழே சிதறியது.

"சாவு வூட்ல" என்றான்.

"ஆமா. அங்க நடந்தது திருட்டு இல்ல பவன். சாவு. ஒரு வருஷம் தள்ளி நடக்குது."

* * *

ஸ்வர்ணமுகியில் தண்ணீர் இல்லை. மணலும் நாணலும்தான். சுடுகாட்டுக்கு அப்பால், குழந்தைகளைப் புதைக்கிற ஓரத்தில் குட்டியானை நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மொட்டைத் தலையோடு ஒருவன் குழிக்குள் நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். மேட்டில் ஒரு பெண், மஞ்சள் சேலை, மடியில் ஏதோ சுற்றிய துணி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டையின் ஒரு பக்கம் கல் தெரிந்தது. சிற்பி பெரிய வேலைக்காரன் இல்லை. உருண்டை முகம், இரண்டு பின்னல், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை.

காரைப் பார்த்ததும் அவள் மூட்டையை மாரோடு இறுக்கிக்கொண்டாள்.

"ஊர்லேருந்து அனுப்பினாங்களா?"

"ஆமாம்மா" என்றாள் ஜமீலா. "என் பேர் ஜமீலா. சிலையைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க."

"எடுத்துகினு பூடுவீங்களா?" ரூபாவின் குரலில் கோபம் இல்லை. "நாளன்னிக்கு ஜாத்திரை முடிஞ்சா கல்லுல கட்டடம் கட்டி, கும்பாபிசேகம் பண்ணிடுவாங்க மேடம். அப்புறம் அவ எனக்குப் புள்ளெயே இல்ல. ஒரு தடவெ புதைச்சிட்டேன்னா போதும். ஒடம்புதான் கெடைக்கல. இதுவாச்சும் கீது. அவளுக்கு எண்ணெ வச்சேன். வாய்க்கரிசி போட்டேன். மண்ணு மட்டும் பாக்கி."

ஜமீலாவின் போன் அடித்தது. அண்ணாதுரை. எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மேடம், இன்னா ஆச்சி? பசங்க கெளம்பறானுங்க!"

"கீழூர்க்காரங்க எடுக்கல. பெத்தவங்கதான் எடுத்தாங்க. வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"பெத்தவங்களா? சரி, வுடுங்க, பேசிக்கலாம். சிலை பத்தரமா கீதா? எப்ப எடுத்துகினு வர்றீங்க?"

"வராது."

எதிர்முனையில் ஒரே கத்தல். "கரை நிக்காது மேடம்! நாப்பது குடும்பம்!"

"கரையில எடுத்த மண்ணைக் கொண்டுபோய்க் கரையில கொட்டுங்க சார். நிக்கும். உங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். இந்த வழக்குக்குச் சம்பளம் போச்சு என்று பவனுக்குத் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்து அரை மணி நேரம் பேசியிருப்பான்.

செங்கல்வராயன் குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜமீலா குழியின் விளிம்பில் மணலிலேயே உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பு இல்லீங்க" என்றாள். பாடம் நடத்துகிற குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "மழையில நனைஞ்ச பிள்ளை தலையை உலுக்கும். உங்களுக்கு அது தலையாட்டினது மாதிரி தெரிஞ்சிருக்கும். அந்த நேரத்துல யாருக்கும் அப்படித்தான் தெரியும். அவ சம்மதிக்கவும் இல்ல, நீங்க பொய் சொல்லவும் இல்ல."

செங்கல்வராயன் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"இல்ல மேடம்."

"என்ன இல்ல?"

"அவ தலையே ஆட்டல."

பவன் ஜமீலாவைப் பார்த்தான். அவ்வளவு அழகாகக் கோத்த மாலை அவள் கையிலேயே அறுந்து கொட்டியது.

"நான்தான் சொன்னேன்" என்றான் செங்கல்வராயன். "ரூபா ஓடியாந்தா. மழை அடிச்சிகினு கீது. என் சட்டையப் புடிச்சி, புள்ளெ பயந்தாளா, பயந்தாளான்னு ஒரே கேள்வியா கேட்டா. வேற எதுவும் கேக்கல. நான் இன்னா சொல்லுவேன்? இல்லடி, பயப்படல, சிரிச்சிகினு தலையாட்டிட்டுப் போனான்னேன். அவளுக்காவத்தான் சொன்னேன் மேடம். அவளுக்கு மட்டும்தான். சுத்தி நின்னவங்க கேட்டுட்டாங்க. தலையாட்டினா, தலையாட்டினான்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிகினாங்க. பம்பை வந்துது. அதுக்கப்புறம் வாயத் தொறக்க எனக்கு தைரியம் இல்ல. நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அதை வச்சி அவ வாயைப் பொத்திட்டாங்க."

ரூபா மடியில் இருந்த கல்லின் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் துடைக்க ஒன்றுமில்லாதபோதும்.

"இன்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"ரூபா..."

"கடைசியில எம் புள்ளெ இன்னா சொன்னா? சும்மா பூட்டாளா?"

அவன் குழியின் சுவரில் சாய்ந்துகொண்டான். "'நைனா, கையெ குடு'ன்னா. ரெண்டு தடவெ சொன்னா. குடுத்தேன். எட்டல ரூபா. படுத்துகினு குடுத்தேன். எட்டல."

"பயந்தாளா?"

"ரொம்ப பயந்தா."

அவ்வளவுதான். ரூபாவின் வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை. ஒரு வருஷமாக மூடிக் கிடந்தது எப்படித் திறப்பது என்று மறந்ததுபோல் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. அப்புறம் வந்தது. பவன்குமார் எத்தனையோ குரல்களைப் பேசியவன், அழுகைகூட மேடையில் செய்து காட்டிக் கைதட்டு வாங்கியவன். இந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். சுடுகாட்டின் மறுகோடியில் வேறு யாரையோ அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஜமீலா ரூபாவைத் தொடவில்லை, தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுது முடிக்கிறவரை தானும் அழுதாள்.

பிறகு செங்கல்வராயன் மேலே கை நீட்டினான். ரூபா மூட்டையை அவனிடம் கொடுத்தாள். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று அவளே சொன்னாள். அவன் கிடத்தினான். பையை அவள் குனிந்து தன் கையாலேயே பக்கத்தில் வைத்தாள். ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். ஜமீலா போட்டாள். பவனும் போட்டான்.

செங்கல்வராயனால் மண்வெட்டியைத் தூக்க முடியவில்லை. குழியோரம் உட்கார்ந்து அந்த மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பவன்குமார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான்.

முதல் தூறல் விழுந்தது. ரூபா வானத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை அவசரமாக உருவிக் குழியின் மேல் விரித்துப் பிடித்தாள்.

"அண்ணா, சீக்கிரம் மூடுங்க" என்றாள். "புள்ளெ நனையுது."